அமிர்தசாமியின் கலர்

பெயின்ட் கடையில் கொடுத்த ஷேடு கார்டைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு பைக் கண்ணாடியில் குனிந்து பார்த்து மனைவியிடம் புலம்புகிறார் அமிர்தசாமி. "ரோஸ்லினு, நான் சந்தனக் கலருடி! இப்போ பாரு, காப்பித்தூளுக்கு வந்துக்கினு இருக்கேன்."

ஒலக்கூர்ப் பக்கம் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது அவர் பிழைப்பு. தவக்காலம் வந்தால், சிலுவைப்பாட்டை நடித்துக் காட்டும் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் அவர்தான் இயேசு. நடிப்புக்காக அல்ல, பாதி வசனத்தை விழுங்கிவிடுவார். நிறத்துக்காகத்தான்! நாசரேத்தில் எப்படியோ, இங்கே ஆண்டவர் சிவப்பாக இருந்தே தீரவேண்டுமாம். நல்ல கூத்து போங்கள்.

தேமல் என்று நினைத்தது தொழுநோய் என்று தெரிந்ததும் திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டை கொடுத்தார்கள். முதல் வேளை மாத்திரையைச் செவிலியர் கவிதாவின் கண்ணெதிரிலேயே விழுங்கினார். அன்றைக்குச் சிறுநீர் செக்கச்செவேலென்று போகவும் "ஐயோ ரத்தம்!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினார். மருந்தின் சாயம்தான் என்றார் கவிதா. "அப்போ பிரைமர் கோட்டுன்னு சொல்லுங்க" என்று ஆறுதலடைந்தார்.

ஆனால் அதே மருந்தால் தோல் கறுக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார் மனுஷன்.

"நிறுத்தாதீங்கண்ணே, கையி காலு மரத்துப்பூடும். மருந்து முடிஞ்சா கலரு மெதுவா திரும்பிரும்" என்று கவிதா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆண்டவரு கறுப்பா இருந்தா சிலுவையில ஏத்தறப்போ எவன் சிஸ்டர் அழுவான்?"

ஒருநாள் கொதிக்கும் டீ கிளாஸைப் பிடித்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். விரல் கொப்பளித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்த ரோஸ்லின் கிளாஸை வெடுக்கென்று பிடுங்கினாள். நாடகத்தன்று அங்கியை மாட்டிவிடும்போது இடுப்புக் கச்சையில் மாத்திரை அட்டையைச் செருகினாள். "முழுங்கிட்டு மேடை ஏறுங்க. வெரலு போச்சின்னா பிரஷ்ஷை எதாலங்க புடிப்பீங்க?"

முழுங்கவில்லை. பவுடரை அப்பிக்கொண்டு ஏறிவிட்டார்.

தொழுநோயாளி வேஷத்தில் சவுரிராயன், கையெல்லாம் துணி சுற்றிக்கொண்டு தவழ்ந்து வந்தான். வேஷம்தானே? இருந்தும் முன்வரிசை ஜனம் "ச்சீ" என்று காலை மடக்கிக்கொண்டது. அமிர்தசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. தொட்டுக் குணமாக்க நீட்டிய கை நடுவிலேயே நின்றது.

"அண்ணே, வசனம்!" என்று கிசுகிசுத்தான் சவுரிராயன்.

"இர்றா, ஜல்தியா தண்ணி கொண்டா." மைக்கில் ஊருக்கே கேட்டது.

துணி சுற்றிய கையால் சவுரிராயன் தட்டுத்தடுமாறி பாட்டிலைத் திறந்து நீட்ட, இயேசு கச்சையிலிருந்து அட்டையை உருவி, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.