பாவம், நல்ல மனுஷன்

டைப் அக்கா என்றால்தான் படக்காரர்களுக்குத் தெரியும். பேட்டிகளை ஹெட்போனில் கேட்டு, எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுப்பது இருபது வருடப் பிழைப்பு. பேசுகிறவர் இருமினால் இருமலையும் குறிப்பாள். சொந்தச் சரக்காக ஒரு சொல் சேர்த்ததில்லை.

இந்த முறை வந்தது ஆவணப்படத்துக்கான பேட்டி. கட்சிகளுக்குத் தேர்தல் வியூகம் வகுத்தவர், ஈவிரக்கமில்லாதவர் என்று பேரெடுத்தவர், ஓய்வுபெற்றபின் மனம்திறந்திருந்தார். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டுப் பிரியும் என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். “மனுஷனா மெஷினாங்க இவரு?” என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பதினோரு வருடத்துக்குமுன் நகராட்சித் தேர்தலில் பேனா சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார். அத்தோடு இதய நோயாளியும் ஆனார். மூன்று டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். தன் மனசு நோகக்கூடாதென்று மறைக்கிறார்கள் என்றார் இவர். அன்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை. அக்காவும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவில் அந்தக் குரல் சாவகாசமாகச் சொன்னது: “ஒரு சின்ன ஊரு. பேனா சின்னத்துல ஒரு வாத்தியாரு. திட்டினா அவருக்குத்தான் ஓட்டு விழும். அதனால பரிதாபப்படச் சொன்னேன். ‘பாவம், நல்ல மனுஷன். இதயம் ரொம்ப வீக்காம், ஜெயிச்சா உயிருக்கே ஆபத்தாம்.’ முப்பது பேரை விட்டுப் பேசவெச்சேன். முடிவெட்டுற கடை, பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். ஆள நான் பார்த்ததுகூட இல்ல.”

மறுநாள் படத்தை எடுக்கும் பெண் கூப்பிட்டாள். “அக்கா, நாப்பத்தோராம் பக்கத்துல ‘அடப்பாவி’ன்னு இருக்கு. அவரா சொன்னாரு?”

“இல்லம்மா, நான். கை தானா அடிச்சிருச்சு.”

அக்கா காரணத்தைச் சொன்னாள். அந்தப் பெண், “வெளியாளுக்குப் போடக்கூடாதுதான். அவருக்குப் போட்டுக் காட்டுங்க” என்றாள்.

அக்கா யோசித்தாள். இனி டாக்டர் வேண்டாம்; புரளியைக் கட்டிவிட்ட வாயே சாட்சி. ஆனால் கேட்டதும் மனிதர் எழுந்து நிற்பாரா, இடிந்து போவாரா? ஒரே ஒரு வரி, காசு செலவில்லாத வரி, ஊர் சுற்றி அவர் காதுக்கே வந்து, ஒரு மனிதனைப் பதினோரு வருடம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டதே என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. கோபத்தைவிடப் பிரமிப்புத்தான் பெரிதாக இருந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சாயங்காலம் ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவர் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபின் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னா மூளைடா சாமி” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “ஆனா எனக்கு வலிச்சுதே. நெசமாவே நெஞ்சு வலிச்சுதே” என்றார்.

எத்தனையோ முறை அந்த நெஞ்சைத் தேய்த்துவிட்டவள் அக்காதான்.