பன்னிரண்டு அடிக்கு வாங்கிய மரம்

அப்பாவின் மரக்கணக்கு தப்பவில்லை. தப்பு செய்தவர் சித்தப்பா.

இதை அப்பாவின் வருட நினைவு மலரில் எழுதலாமா என்று தம்பி கேட்டான். வேறு எங்கே எழுதுவது? அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்தபோது, வந்தவர்கள் பின்புற அறையின் கூரை தொய்ந்திருப்பதைப் பார்த்து விசாரித்தார்கள். அப்பாவுடன் பிறந்த ஒரே தம்பியான சித்தப்பா சொன்னார்: "அண்ணன் மரத்தக் குறைச்சு வாங்கிட்டாருலா. வயசாச்சு, கணக்கு நிக்கல, பாவம்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு வருடமாகச் சொந்தக்காரர்கள் வீடுகளில் அதே பேச்சு. அப்பாவுக்குக் கடைசியில் புத்தி தடுமாறிவிட்டதாம்.

அப்பா சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே பால் வாளி தூக்கினார். தோட்டம் கைமாறி எல்லாரையும் வெளியே போகச் சொன்னபோது சிலிபினுக்கு வந்து, ஒரு மரக்கடையில் லாரி ஓட்டினார். என்னையும் தம்பியையும் அந்த லாரிதான் படிக்க வைத்தது. இனிக்கப் பேச அவருக்குத் தெரியாது. ஆனால் சொந்தத்தில் யார் கார் கொட்டகை போட்டாலும், சமையலறையை நீட்டினாலும், மரம் வாங்குவதற்கு முன் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். குறைத்து வாங்கி மறுபடி ஓடி வருபவர்களையும், அதிகம் வாங்கி மழையில் போட்டு அழுக விடுபவர்களையும் அவர் தினமும் பார்த்தவர்.

அவர் காகிதத்தில் கணக்குப் போடமாட்டார். சுவரில் எந்த இடத்தில் எந்த மரம் உட்காரும் என்று சாக்கட்டியால் கோடு போட்டு, கோடுகளை எண்ணுவார். ஒருமுறை என் அத்தை மகனிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பன்னெண்டடி. ரெண்டடிக்கு ஒன்னு. எத்தன கைமரம் வேணும்?"

"ஆறு, மாமா."

"ஆறு வாங்கு. கடைசி ஓரத்துல கூரையத் தாங்க ஒன் மாமியாரக் கூட்டிட்டு வந்து நிறுத்து."

ஏழு வேண்டும். ஒன்று வெடித்திருந்தால் மாற்றுவதற்கு எட்டாவதும் வாங்கச் சொல்வார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கணக்கு நிற்கவில்லையாம்.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்த பிறகு, கூடத்தில் கட்டில் போட்டுத் துணி மறைப்புக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தோம். யார் வந்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க முடியாமல்தான் அப்பா பின்புறம் கதவு வைத்த ஓர் அறை கட்ட முடிவு செய்தார். நீளம் பன்னிரண்டு அடி. அவரே கோடு போட்டு, மரத்தை இறக்கினார். பிறகு தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டுக்கு, பேரனுக்குப் பெயர் வைக்கப் போய்ச் சில நாள் தங்கினார். வேலையைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொன்னார்.

திரும்பி வந்தபோது சுவர் பதினாறு அடிக்கு எழும்பியிருந்தது. நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

"என்னடா இது? பன்னெண்டுக்குத்தானே மரம் இறக்கியிருக்கேன்?"

"பன்னெண்டு ஆகாதுண்ணே. மனையடி சாஸ்திரத்துல செல்வம் கொறையும்னு போட்டிருக்கு. பதினாறுதான் ராசி. அதான் கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன்."

"மரம்?"

"கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சாப் போதும்லா."

"மரம் என்ன ரப்பரா, இழுத்தா நீளுறதுக்கு? இதுக்கு ஒம்பது வேணும்டா. குறுக்குச் சட்டமும் எட்டாது. ஒரு வாரம் பொறு, கடையில சொல்லி எடுக்கிறேன்."

சித்தப்பா பொறுக்கவில்லை. மறுநாள் காலைதான் கூரை ஏற்ற நல்ல நேரமாம். அப்பா மரக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வைத்து ஏற்றிவிட்டார். இருந்த எட்டுக் கைமரங்களையும் பதினாறு அடிக்குப் பரப்பி, குறுக்குச் சட்டங்களை ஒட்டுப்போட்டு, மேலே தகரத்தை அடித்தார்கள். முதல் பெருமழைக்கே ஒட்டுகள் இறங்கின. தகரத்தில் தண்ணீர் தேங்கி, அம்மாவின் கட்டில் மேல் சொட்டியது. கட்டில் மறுபடியும் கூடத்துக்கே வந்தது.

கூரையைப் பிரித்துப் போட அப்பா புது மரம் எடுத்து வந்து அடுக்கினார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் யாராவது கூரையைப் பற்றிக் கேட்டால், "கணக்கு கொஞ்சம் பெசகிடுச்சு" என்பார். கூடப்பிறந்த தம்பியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டுதான், வார்த்தை சொன்னவர் கண்ணை மூடியதும் சித்தப்பா ஊரெல்லாம் பேசினார்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், துக்க வீட்டுக்குத் தேநீர் அனுப்பிய முனைக்கடை பாய்க்கும், அப்பா அடுக்கி வைத்த மரத்தைக் கொண்டு இந்த மாதம் கூரையைச் சரிசெய்து கொடுத்த அத்தை மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மா இப்போது அந்த அறையில்தான் படுக்கிறார். பாடைக்குத் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி. அது வேறு, இது வேறு.

சித்தப்பா, வருடத் திதிக்கு நீங்கள் வருவீர்கள். இந்த மலர் எல்லார் கையிலும் இருக்கும். இலை போடுவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். துக்க வீட்டில் எத்தனை பேர் முன்னால் பேசினீர்களோ அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: சுவரைப் பதினாறு அடிக்குத் தள்ளச் சொன்னது யார்?