ஐந்தாம் நம்பர் மாமா

ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வயரில்லாத போன் வந்தபோது, அதற்குள் ஆட்களைப் பதிந்து வைக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் நான்தான். போனுக்கோ இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் தெரியாது. அம்மாவுக்கு இலக்கங்கள் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிக்கல் முதல் நாளே தொடங்கியது. தன் அண்ணன்மாரின் பெயர்களைப் போனில் ஏற்ற அம்மா சம்மதிக்கவில்லை.

“பெரிய மாமா பேர அதுல அடிக்கிறதா? பெரியவங்கள பேர் சொல்லியா கூப்பிடுவ? மாமான்னு போடு.”

“எல்லாரையும் மாமான்னு போட்டா எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?”

“அது ஒம்பாடு. படிச்ச புள்ளதான நீ?”

படித்த பிள்ளை தன் படிப்பைக் காட்டியது. மாமா 1, மாமா 2 என்று நம்பர் போட்டது. டயகமவில் இருந்த அம்மாவின் மூத்த அண்ணன் ஒன்று, நானுஓயாவில் இருந்த அடுத்த அண்ணன் இரண்டு. அப்பாவின் அக்காமார் இருவருடைய கணவர்கள் மூன்றும் நான்கும். அவர்களும் எனக்கு மாமாக்கள்தானே. காலண்டருக்குப் பின்னால் எழுதியிருந்தவை அவ்வளவுதான். வலப்பனையில் மரக்கறிக் கடை வைத்திருந்த அம்மாவின் தம்பியுடைய நம்பர் அங்கே இல்லை. பிறகொரு நாள் அவர் எங்களுக்குக் கோல் எடுத்தபோது திரையில் விழுந்த நம்பரை நானே பிடித்து மாமா 5 என்று போட்டுவிட்டேன். சுத்தமான வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தத் தம்பி அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். என் அக்காவின் கல்யாணம் முடிவானதும், மாலையைப் போட்டு மணவறைக்குக் கூட்டிப்போகப் போவது தான்தான் என்று அறிவித்துவிட்டார். மூத்தவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சின்ன மாமாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும்.

கல்யாணப் பேச்சுக்காக அவர் ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தார். அன்று பார்த்து போன் எங்கேயோ காணாமல் போயிருந்தது. தேடிக் கொடுப்பதற்காகத் தன் செல்போனிலிருந்து கோல் எடுத்தார். கட்டில் கம்பளிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. நான் அதை உருவி எடுத்து, பெருமையோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“பாருங்க மாமா, நீங்க எடுத்தா இப்பிடித்தான் வரும்.”

அவர் பார்த்தார். “அதென்னா அஞ்சு?”

“அது நீங்கதான்.”

“அப்ப ஒன்னு, ரெண்டு, மூணு, நாலெல்லாம் யாரு?”

வாத்தியாரின் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்ட பிள்ளையாக நான் ஒப்பித்தேன். அத்தை புருஷன் மூன்று என்றபோதே அவர் முகம் கறுத்துவிட்டது. நான் விடவில்லை, நாலாவதையும் சொல்லி முடித்தேன். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மாமா எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு நாங்கள் எத்தனை தடவை கோல் எடுத்தாலும் அவர் பேசவில்லை. மாமிதான் எடுத்து, “கடையில வேலையா இருக்காங்க” என்பார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. “அவன் இல்லாம எம்மக மணவறைக்குப் போறதா?” என்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். கடைசியில் பாக்கு வெற்றிலைத் தட்டோடு அம்மாவும் நானும் வலப்பனைக்கு பஸ் ஏறினோம்.

மாமா எங்களைக் கண்டும் காணாதவராய் கேரட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

“அஞ்சாம் நம்பர் மாமனுக்கு எதுக்குக்கா வெத்தல பாக்கு? மத்த நாலு பேருக்கும் மொதல்ல வச்சுட்டு வா.”

அம்மா என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். எனக்கு முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அம்மாவோ தம்பியைத்தான் முறைத்தார்.

“கூறுகெட்டவனே, அதுல இருக்கிறது எல்லாம் எனக்கு ஞாபகத்துல நிக்காத நம்பருடா. ஒன் நம்பர எதுக்கு நான் அதுல போடச் சொல்லணும்?”

“அப்பிடியா? எங்க, சொல்லு பாப்பம்.”

அம்மா தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டார். மறுபடி தொடங்கி மறுபடியும் அதே இடத்தில் நின்றார். மாமா கசப்பாகச் சிரித்தார். கல்யாணம் கெட்டது என்றே நான் நினைத்தேன்.

“வாயில வராதுடா. வெரல்லதான் இருக்கு. போனக் குடு.”

மேசையில் கிடந்த அவருடைய செல்போனையே எடுத்து, கொழுந்து கிள்ளும் வேகத்தில் கடகடவென்று அமுக்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“என்னாடா, எங்கேஜ் அடிக்குது? யாருகூடடா பேசிக்கிட்டிருக்க?”

மாமா போனை வாங்கித் திரையைப் பார்த்தார். அவருடைய போனிலிருந்து அவருக்கே போன கோல் அது. ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார்.

அக்காவை மணவறைக்கு அவர்தான் கூட்டிப்போனார். மறுநாள் கிளம்பும்போது என்னிடம் ஒரு கட்டளை போட்டார்: “எந்நம்பர அதுலருந்து அழிச்சிரு.” அழித்தேன். இந்தப் பெருமை டயகம வரை போய், பெரிய மாமாவும் தன் நம்பரை அழிக்கச் சொன்னார். அம்மா பல நாள் அதைப் பாடம் பண்ணிப் பார்த்துத் தோற்றுப்போனார். பாவம், அவர் ஒன்றாம் நம்பர் மாமாவாகவே இருக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு போன் அடித்தால் அம்மா முதலில் திரையைப் பார்ப்பார். இங்கிலீஷ் எழுத்து வந்தால், “யாருன்னு வந்து பாரு புள்ள” என்று என்னைக் கூப்பிடுவார். அந்த இலக்கங்கள் வந்தால் மட்டும் யாரையும் கூப்பிடமாட்டார். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்து, “சொல்லுடா தம்பி” என்பார்.