நெட் இல்லாமல் ஓடிய பில்டு

"இந்த மாசத்தோட பூங்கொடிய நிறுத்திடலாம்பா. சின்ன மாத்தத்துக்குக்கூட ரெண்டு நாளு எடுக்குது," என்றார் ஓனர் சேகர் சார்.

கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கன்டெய்னர் ரன்டைம் எழுதுகிற வேலை. ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கன்டெய்னர். அந்த மூட்டையை எந்த மெஷினிலும் பிரித்து ஓட்டுவது ரன்டைம்.

பூங்கொடி கல்வராயன் மலையில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். வேறு சம்பளம் அந்த வீட்டுக்கு இல்லை.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். சின்னசேலத்தில் மூட்டை தூக்கினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், பிரவுசிங் சென்டரில் புரோகிராம் கோடு எழுதப் பழகினேன். ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மலை பஸ் ஏறினேன்.

"இன்னாண்ணா, வேவு பாக்க அனுப்பிட்டாங்களா?" என்றாள் பூங்கொடி.

"ஆமா. மொதல்ல டீ குடு."

அவள் ஒரு வரி மாற்றி, எழுதிய கோடை ஓடுகிற புரோகிராமாகக் கட்டும் பில்டை ஓடவிட்டாள். எங்கள் பில்டு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும், பிறர் எழுதிவைத்து நாங்கள் பயன்படுத்துகிற எல்லா லைப்ரரியையும் நெட்டிலிருந்து புதிதாக இறக்கும். ஆபீஸ் நெட் வேகத்தில் அது தெரியவே தெரியாது. மலையில் சிக்னல் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. அவள் எழுந்து மரவள்ளிக்குக் களை எடுக்கப் போனாள்.

"இத ஏன் சொல்லல?"

"சொன்னா கீழ வந்து ரூம் எடுத்துக்கன்னுவாங்க. காட்ட யாரு பாக்கறது?"

லைப்ரரிகளை ஒருமுறை இறக்கி மெஷினிலேயே வைத்து, பிறகு அங்கிருந்தே எடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். பில்டு ஓடியது. ஆனால் அதைச் சோதிக்கும் டெஸ்ட் பாதியில் நின்றது. மூட்டையை நெட்டிலிருந்து கொண்டுவருவதும் அதை ஓட்டுவதும் ஒரே சர்வீஸ் இன்டர்ஃபேஸில், அதாவது மற்ற புரோகிராம்கள் வந்து கூப்பிடும் ஒரே வாசலில், கிடந்தன. ஓட்டுவதை மட்டும் சோதித்தாலும், கொண்டுவருகிற பகுதியும் எழுந்து நெட்டைத் தேடியது.

"ரெண்டா பிரிச்சிடலாம்ணா," என்றாள்.

போனில் சேகர் சாரிடம் சொன்னேன். "அத நம்பிக்கினு கஸ்டமருங்க இருக்காங்கய்யா. உடைஞ்சா நீ வேற ஊரு போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்?"

அதிலும் நியாயம் இருந்தது. அதனால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்குப் பழைய இன்டர்ஃபேஸை அப்படியே விட்டோம். உள்ளே மட்டும் அது இரண்டு சிறிய இன்டர்ஃபேஸ்களிடம் வேலையைக் கொடுத்தது. ஓட்டும் பகுதியை அவள் எழுதினாள். கொண்டுவரும் பகுதியை நான் எழுதினேன். அடிக்கடி சண்டை போட்டோம்.

நான் மலையிலிருந்து கீழே வந்ததும் சேகர் சார் தன் கையாலேயே ரவுட்டரை அணைத்தார். பில்டு முடிந்தது, டெஸ்டும் தேறியது. மறுபடி ரவுட்டரைப் போட்டு, கஸ்டமர்களின் பழைய டெஸ்டுகளை ஓட்டினார். ஒன்றும் உடையவில்லை.

"சரி, இருக்கட்டும்."

"கோடா, பொண்ணா சார்?"

"ரெண்டும்தான்யா."

பூங்கொடிக்குப் போன் செய்தேன். "சரிண்ணா. நாளைக்கு சாமை அறுப்பு. லீவுன்னு சொல்லிடு," என்றாள்.

அந்த வேலையையும் பிறகு விட்டேன். இப்போது எங்கே சேர்ந்தாலும் முதல் நாள் நெட்டை அணைத்துவிட்டு பில்டு ஓட்டிப் பார்க்கிறேன். அது நின்றால், இங்கே மெதுவாக வேலை செய்வதாகப் பேர் வாங்கியவர் யார் என்று விசாரிக்கிறேன்.