விடுபட்ட எண்

ஒன்றிலிருந்து தொடங்கும் எண் வரிசையில் ஓர் எண் காணவில்லை. எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணினியில் நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுக்கிறார்களாம். எனக்கு இந்தக் கணக்கு, மலாயாவில் வெள்ளைக்காரப் பட்டாளம் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில் வந்தது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அப்போது நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி.

எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் ஐம்பத்திரண்டு பேர். ஆளுக்கொரு வட்டத் தகர வில்லை. நடுவில் துளை, அதன் மேல் சாயத்தில் எழுதிய எண், ஒன்று முதல் ஐம்பத்திரண்டு வரை. வேலை முடிந்து முள்வேலி கேட்டுக்குள் வரும்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வில்லையை வாங்கி, எண்ணை உரக்கப் படித்து, பூட்டிய பெட்டிக்குள் போடுவார். சாவி துரையிடம் இருக்கும். இரண்டு மணிக்கு ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டால், வெளியே அசைகிற எதையும் பட்டாளம் சுடும்.

வில்லைகள் விழ விழ மனத்துக்குள் கூட்டிக்கொண்டே போவேன். கூட்டாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. அன்று ஐம்பத்தொன்றுதான் விழுந்தது. வந்தவர்களோ லயத்து வீடுகளுக்குக் கலைந்துவிட்டார்கள். சங்குக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. எண் தெரிந்தால் அந்த ஆள் வெட்டும் மரநிரை தெரியும், போய்த் தேடலாம். மொத்தம் 1378 வர வேண்டும்; நான் கூட்டி வைத்திருந்தது 1338.

நாற்பது என்றேன். நாற்பதின் நிரை இருந்த ஆற்றுப்பக்கம் சைக்கிளைத் திருப்பிய மண்டோர் சட்டென்று காலை ஊன்றினார்.

"நாப்பது அந்தா குழாயடியில தலைக்கு ஊத்திக்கிட்டு நிக்குது, கிராணி. உங்க கணக்கு ரொம்ப நல்லா இருக்குலா."

என் காது சூடாகிவிட்டது. அவர் படித்த எண்களை மறுபடி மனத்தில் ஓட்டினேன். ஆறு இரண்டு முறை வந்திருந்தது. ஒன்பது வரவே இல்லை. நடுவில் துளையிட்ட வட்டத்துக்கு மேலேது, கீழேது? ஒன்பதைத் தலைகீழாகப் பிடித்து ஆறு என்று படித்திருக்கிறார். நானும் மூன்று குறைத்துக் கூட்டியிருக்கிறேன்.

"முப்பத்தேழு. மலைப்பக்கம் போங்க, மண்டோரே."

முப்பத்தேழு, லயத்தில் தனியாக இருந்த ஒரு பெண். தேட வீட்டில் யாரும் இல்லை. மண்டோர் மறைந்த செம்மண் பாதையையும் சங்குக்காரன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்கு ஊதத் தொடங்கியபோது சைக்கிள் கேட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. கால் பிசகி, கணுக்கால் வீங்கிப்போயிருந்த அவள் பின்னாலிருந்து இறங்கியதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"ரெண்டு வாளிப் பாலு அங்கயே நிக்குது. அதை யாரு எடுப்பா, கிராணி?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.