மொட்டை போடாத இரண்டு பிள்ளைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணிக்கொண்டு போகும். நடந்ததில் பாதி மறந்தும் போய்விட்டது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று பேத்தி ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தாள். கோடெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்டது. "நீயே எழுதிக் குடு ஆச்சி" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் அல்லவா?

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என் அண்ணனுக்குச் சிவகிரிப் பக்கத்து ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு, சங்கரன்கோவிலில் இருந்த என்னைக் கொடுத்தார்கள். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே சமையல். அவள் எனக்கு அண்ணன் மனைவி. நான் அவளுக்கு அண்ணன் மனைவி. அதனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதினி என்றே கூப்பிடுவோம். அவள் வாயாடி. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரும் அதிகம் பேசமாட்டார். காட்டிலிருந்து வரும்போது மடியில் மொச்சைக்காய் கட்டிக்கொண்டு வருவார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவருடைய பேச்சு. எனக்கு அது போதும்.

எனக்கு மகன் பிறந்தான். கொஞ்ச நாளில் மதினிக்கு மகள் பிறந்தாள். இரண்டும் கைக்குழந்தைகளாக இருக்கும்போது என் மாமனார் இறந்துபோனார்.

அப்போது துணிக்குக் கண்ட்ரோல். ஒரு வேட்டிக்குக் கடை கடையாக அலைய வேண்டும். சாவு வீட்டுக்குச் சம்பந்தக்காரர்கள் கோடித்துணி கொண்டுவந்து இறந்தவர்மேல் போர்த்துவது எங்கள் முறை. அண்ணன் யார் யாரிடமோ கெஞ்சி ஒரு புது வேட்டி வாங்கிக்கொண்டு, மதினியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாமனாரின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அந்த வேட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மாப்பிள, இது மருமவன் கோடியா, மருமவ பொறந்த வீட்டுக் கோடியா?"

"ரெண்டும் நாந்தான மாமா."

"ஆளு ஒண்ணுன்னா மொறையும் ஒண்ணாயிருமா? இன்னொண்ணு எங்க?"

"துணி என்ன காட்டுலயா வெளையுது? வேணும்னா நீரு போயி வாங்கிப் பாரும் வே!"

பெரியவரைப் பார்த்து அண்ணன் அப்படிப் பேசியது தப்புதான். ஆனால் ஒரே ஆள் இரண்டு முறைக்காரனாக நிற்பது எங்கள் மாதிரிச் சம்பந்தத்தில்தான் வரும். கோடி ஒன்றா இரண்டா என்பதைக் கல்யாணத்தன்று யாரும் பேசிவைக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் பெரிய மாமா மதினியைக் காட்டிச் சொன்னார்: "எங்க பிள்ள இங்கனயே இருக்கட்டும்." அண்ணனும் விடவில்லை, என்னைக் காட்டினார். "அப்ப எங்க பிள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்." ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சண்டையும் இல்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றார், பாவம். பெரியவரை எதிர்த்து என்ன பேசுவார்? நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் என் மகனைத் தோளைவிட்டு இறக்கமாட்டார். அங்கே என் வீட்டுக்காரர் தோளில் அண்ணன் மகள் வளர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளின் தலைமுடிதான் பெரிய பாடாகிவிட்டது. பிறந்த முடியை அப்பன் வழிக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும். அம்மா வீட்டில் கத்தி வைக்கக்கூடாது. அதனால் என் மகனுக்கு முடி தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. வெயில் தாங்காது என்று அம்மா இறுக்கிப் பின்னிக் கனகாம்பரம் வைத்துவிடுவாள். அங்கே மதினி மகளுக்கும் இதே கதைதான் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாவது தைப்பொங்கலும் போனது. அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். இங்கே பார்த்தால் அங்கேயும் பார்ப்பார்கள். அதை நினைத்தால் எனக்குக் கஞ்சி இறங்காது. அந்தச் சமயத்தில் சிவகிரிப் பக்கத்திலிருந்து வரும் மோர்க்காரி ஒரு துணி மூட்டையை என் கையில் கொடுத்து, "யாரு குடுத்தான்னு கேக்காத தாயி" என்றாள். அவிழ்த்துப் பார்த்தேன். மொச்சைக்காய். அன்று இரண்டு அகப்பை கஞ்சி கூடுதலாகக் குடித்தேன்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. தபசிருக்கும் அம்மாளைப் பார்க்க ரத வீதியில் கூட்டம் நெரிந்தது. காட்டுக்காரர்கள் தங்கள் விளைச்சலை நேர்ச்சையாகக் கூட்டத்தின்மேல் சூறை விட்டுக்கொண்டிருந்தார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், பயறு என்று மேலிருந்து மழையாக விழுந்தது. நான், அம்மா, அண்ணன் மூவரும் நின்றோம். கீழே விழுந்த பருத்தியைப் பார்த்து மகன் என் கையை உதறிக்கொண்டு ஓடினான். ஒருவர் குனிந்து அதை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தாட்டி, பிடி. யாரு வீட்டுப் பிள்ள நீ?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர். தோளில் அண்ணன் மகள். பெற்ற மகனைப் பெண் பிள்ளை என்று நினைத்துக் கேட்கிறார்.

"நான் பொண்ணு இல்ல!" என்று மகன் கத்தினான்.

பின்னாலிருந்து மதினி வந்தாள். "அண்ணே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒம் மவன்லா அது!"

அவர் பருத்தியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் அண்ணனோ அவர் தோளிலிருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது..." என்றார்.

"இதுவும் ஒங்க பிள்ளதான். மொட்ட போட ஆளில்லாம தல நெறைய பேனு. ரெண்டு ஆம்பிளையளும் ஊரான் பிள்ளய மாதிரி மாத்தி மாத்திச் சொமங்க. மொறைய காப்பாத்துதீகளாக்கும்!" என்றாள் மதினி.

ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். இன்னொரு நிமிடம் போனால் அப்படியே பிரிந்துவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"எனக்கு வீட்டுக்குப் போவணும்" என்றேன்.

"எந்த வீட்டுக்குட்டி?" என்று அம்மா கேட்டாள்.

நான் நாடியை லேசாகத் தூக்கி என் வீட்டுக்காரரைக் காட்டினேன். மதினி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேயே ஆள் மாறினோம். நான் அவரோடு போனேன். மதினி அண்ணனோடும் அம்மாவோடும் போனாள். மாற்றுத்துணிகூட இல்லை. பிள்ளைகள் இரண்டும்தான் கூப்பாடு போட்டன. இரண்டுக்கும் பழகின தோள் விட்டுப்போய்விட்டது.

வீட்டு வாசலில் பெரிய மாமா, "என்னைக் கேக்காம கூட்டிட்டு வந்துட்டியோ?" என்றார். "எம் மருமவ எங்க வீட்டுக்கு வர யார்ட்ட கேக்கணும்?" என்று மாமியார் உள்ளேயிருந்து சொன்னாள். அதோடு சரி.

பிறகு மலையடிவாரத்தில் எங்கள் குலதெய்வத்துக்கு முன்னால், அண்ணன் மடியில் உட்காரவைத்து என் மகனுக்கு மொட்டை போட்டோம். என் மாமியாருக்கு அண்ணன் இரண்டு சேலை கொண்டுவந்திருந்தார். "ஒண்ணு மருமவன் மொற. ஒண்ணு தங்கச்சி பொறந்த வீட்டு மொற" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நான் என்ன ரெண்டு பேரா?" என்று மாமியார் சிரித்தாள். ஆனாலும் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணக் கட்டிப் பழசாக்கித் தாரேன். அடுத்த பிள்ளைக்குத் தொட்டிலுக்கு ஆவும்." யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தோளில் இருந்த அந்தப் பெண்தான் வளர்ந்து என் மகனுக்கே வாக்கப்பட்டாள். பேத்தி போட்ட கோடு சிக்கிக்கொண்ட இடம் அதுதான். தபசன்று கீழே விழுந்தது பருத்தி என்பது என் ஞாபகம். இல்லை, வத்தல், கண் எரிந்தது என்கிறாள் மருமகள். எங்கள் இரண்டு பேரில் யாரை நம்புவது? மதினிக்கு என்னைவிட ஞாபகம் அதிகம். சங்கரன்கோவில் போகிறவர்கள் யாராவது அவளிடம் இதைப் படித்துக் காட்டி, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். ஆனால் அவள் சொல்வதை எல்லாம் எழுத வேண்டாம். தாள் போதாது.