முனிராஜுக்கு வந்தது வலிப்பா?

தொழிற்சாலை முதலுதவி அறையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ்களே, நம் தொழிலில் நாம் போய்ச் சேர்வதற்குள் யாராவது வைத்தியத்தை முடித்திருப்பார்கள்.

இரும்பு வைத்தியம்

பிரஸ் மெஷின் ஆபரேட்டர் முனிராஜ், குருபரப்பள்ளிக்காரர். ஒரு நாள் வேலை நடுவில் சுருண்டு விழுந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்ததாம். நான் ஓடிப்போனபோது எழுந்து உட்கார்ந்து, கையில் யாரோ திணித்த ஸ்பேனரை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடி ஒழுங்கு, ஈசிஜி ஒழுங்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் மாதேஷ் மட்டும் தெளிவாக இருந்தார்: "காக்கா வலிப்பு சிஸ்டர். இரும்பு கைக்குப் போனதும் நின்னுபோச்சு பாருங்க."

விரல் மேல் சந்தேகம்

அடுத்த வாரம் கேன்டீன் படி ஏறி வந்த முனிராஜ் என் எதிரிலேயே சாய்ந்தார். கழுத்தில் விரல் வைத்தேன், நாடி இல்லை. நெஞ்சை அழுத்தப் போவதற்குள் துடிப்பு திரும்பிவிட்டது. வலிப்பு என்றால் நாடி ஏன் போகவேண்டும்? என் விரலையே நம்பலாமா என்று குழம்பினேன். முனிராஜுக்கு வேறு கவலை: "வலிப்புன்னு எழுதிடாதீங்க சிஸ்டர், வேலைய விட்டு அனுப்பிருவாங்க."

தொடாதீங்க!

விடாப்பிடியாக அவரைப் படுக்கவைத்து ஈசிஜி வயர்களை மாட்டினேன். பேசிக்கொண்டே இருந்தவருக்குக் கண் செருகியது. திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. இதயம் துடிக்கவில்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. வலிப்பே இல்லை!

நெஞ்சை அழுத்திக்கொண்டே, ஷாக் கொடுக்கும் பெட்டியைக் கேட்டுக் கத்தினேன். ஆடிட்டில் காட்டுவதற்காகப் பூட்டி வைத்திருந்த கண்ணாடி அலமாரியை உடைத்துக் கொண்டுவந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று பெட்டியின் பதிவுக் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாதேஷ் முனிராஜின் கையில் ஸ்பேனரை அழுத்திப் பிடித்திருந்தார். அவரைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். நாடி வந்தது. எனக்கு அழுகையும் வந்தது. தரையில் கிடந்த மாதேஷ் கேட்டார்: "இப்ப எது சிஸ்டர் வேலை செஞ்சுது?"

ஒரு தாள்

பெங்களூரில் முனிராஜின் மார்புக்குள் சின்ன ஷாக் கருவி ஒன்றைப் பதித்தார்கள். குடும்பத்தில் வரக்கூடிய துடிப்புக் கோளாறாம், ரத்த உறவுகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். அவர் இப்போது பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறார்.

எங்கே போய்ப் பரிசோதித்துக்கொள்வது என்று கேட்க, அவருடைய அண்ணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவும் இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். எல்லாம் கேட்டுக்கொண்ட அண்ணி, மகளை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சோத்துல நான்தான் எதையோ வெச்சுட்டேன்னு ஊர்ல இன்னும் பேசறாங்க சிஸ்டர். அவருக்கும் இதே கோளாறுதான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

இறந்துபோனவருக்கு ஈசிஜி எடுப்பது எப்படி என்று மட்டும் நமக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை, சிஸ்டர்களே.